கணினிப் பகுதி: வாசகர் கேள்விகள்

கேள்வி: சிறிய கணினி விளையாட்டுகளை உருவாக்க உதவும் மென்பொருளான பிகோ-8இல் விளையாட்டு ஒன்றை உருவாக்கி வருகிறேன். அதிலேயே உள்ள ஸ்பிரைட் (விளையாட்டில் பயன்படும் சிறு படம்) எடிட்டரில் வரையும்போது அழகாகத் தெரியும் வீரன், விளையாட்டை ஓட்டியதும் வெறும் புள்ளிக் கூட்டமாகத் தெரிகிறான். அவனுடைய கண்கள் இருந்த இடத்தில் பின்னணி தெரிகிறது. வேறு ஓவிய மென்பொருளுக்கு மாறிவிடலாமா?

பதில்: மாற வேண்டாம். எந்த மென்பொருளில் வரைந்தாலும் உங்களிடம் இருப்பவை எட்டுக்கு எட்டு, அதாவது 64 பிக்சல்கள்தாம். எடிட்டர் அவற்றைப் பெரிதாக்கிக் காட்டுவதால் விரல்களையும் பொத்தான்களையும் வரையத் தோன்றுகிறது. ஆனால் 128க்கு 128 பிக்சல் கொண்ட திரையில் அந்த வீரனின் அகலம் பதினாறில் ஒரு பங்கே என்பதால், அவை எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. முதலில் உருவம் முழுவதையும் ஒரே நிறத்தால் நிரப்பி, கண்ட்ரோல், ஆர் விசைகளைச் சேர்த்து அழுத்தி ஓட்டிப் பாருங்கள். நிழலுருவத்திலேயே அவன் யாரென்று தெரியவில்லை என்றால், எத்தனை நிறம் சேர்த்தாலும் தெரியப் போவதில்லை. தலைக்கு நான்கு வரிசைகளைத் தாராளமாகக் கொடுத்து, உடலுக்கும் கால்களுக்கும் இரண்டிரண்டு வரிசைகளை ஒதுக்கினால் முகம் தெளிவாக அமையும். வரைந்த மறுநொடியே உண்மையான அளவில் பார்த்துத் திருத்த முடிகிற இந்த வசதிக்காகவே நான் உள்ளமைந்த எடிட்டரை விரும்புகிறேன்.

கண்கள் ஓட்டையாவதற்குக் காரணம், ஸ்பிரைட்டை வரையும்போது 0 எண்ணுள்ள கறுப்பு நிறம் ஒளிபுகும் நிறமாகக் கருதப்படுவதுதான். கண்ணுக்கு 1 எண்ணுள்ள கருநீலத்தை இடுங்கள். அந்த அளவில் அது கறுப்பாகவே தோன்றும். பென்சிலால் வரையும்போது கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டால் ஒரு நிறம் இருக்கும் இடமெல்லாம் புதிய நிறத்துக்கு மாறிவிடும் என்பதால், பல நிறங்களைச் சோதித்துப் பார்ப்பதும் எளிது.

இடப்பக்கம் திரும்பிய வீரனைத் தனியாக வரையாதீர்கள். ஸ்பிரைட்டை வரையும் கட்டளையிலேயே அவனைத் திருப்பிக்கொள்ளலாம். நடப்பதற்கு இரண்டு படங்கள் போதும்: முதல் படத்தை அடுத்த கட்டத்தில் நகலெடுத்து, கால்களை மட்டும் மாற்றி, உடலை ஒரு பிக்சல் உயர்த்துங்கள். இவ்வளவுக்குப் பிறகும் இடம் போதவில்லை என்றால், நான்கு கட்டங்களைச் சேர்த்துப் பதினாறுக்குப் பதினாறாக வரையலாம்.

கேள்வி: பிகோ-8இல் நான் வரைந்த சில படங்களில், தொடாமலேயே கிறுக்கல்கள் தோன்றுகின்றன. எடிட்டரில் ஏதேனும் பிழையா?

பதில்: பிழையன்று. மொத்தமுள்ள 256 ஸ்பிரைட்டுகளில் பிற்பாதியான 128ம், விளையாட்டு வரைபடத்தின் கீழ்ப்பாதியும் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. வரைபடத்தின் அந்தப் பாதியில் நீங்கள் வைக்கும் ஒவ்வொரு டைலும் (வரைபடத்தின் ஒரு கட்டத்தில் வைக்கும் ஸ்பிரைட்) ஸ்பிரைட் எடிட்டரில் புள்ளிகளாகத் தெரியும். வரைபடத்தை மேல் 32 வரிசைகளுக்குள் முடித்துக்கொள்வதாக இருந்தால் 256 ஸ்பிரைட்டுகளையும் தாராளமாகப் பயன்படுத்தலாம். அதற்கு மேல் நீளும் என்றால் எடிட்டரின் முதல் இரண்டு பக்கங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.