ஐ.ஆர்.ஏ. என்றால் எந்த ஐ.ஆர்.ஏ.? – கேள்வி பதில்

அயர்லாந்தையும், பிரிட்டனை எதிர்த்து ஆயுதம் ஏந்திய ஐ.ஆர்.ஏ. (ஐரிஷ் குடியரசுப் படை) பற்றியும் ஒரு பேச்சில் நான் வாயைத் திறந்தேன், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஒரு புத்தகத்தில் 1921இலேயே ஐ.ஆர்.ஏ. போரை நிறுத்திவிட்டது என்கிறார்கள். இன்னொன்றில் 2005இல் ஆயுதத்தைக் கைவிட்டது என்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி. அந்தப் பெயர் ஒரு கூட்டுக் குடும்பத்துச் சொத்து மாதிரி. ஒவ்வொரு தலைமுறையிலும் பங்காளிகள் பிரிந்துகொண்டு, "உண்மையான வாரிசு நாங்கள்தான்" என்று பத்திரத்தை நீட்டுவார்கள்.

1919 ஜனவரி 21 அன்று டப்ளினில் டாயில் எனப்படும் அயர்லாந்து நாடாளுமன்றம் முதன்முறையாகக் கூடியது. அதே நாளில் டிப்பரரி மாவட்டத்தின் சோலோஹெட்பெக்கில், கல்குவாரிக்கு வெடிமருந்து ஏற்றிச் சென்ற வண்டியை மறித்து, பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த அயர்லாந்துத் தொண்டர் படையினர் இரண்டு போலீஸ்காரர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தத் தொண்டர் படைக்குத்தான் ஐ.ஆர்.ஏ. என்ற பெயர் நிலைத்தது. 1921 ஜூலையில் போர் நின்றது, டிசம்பரில் பிரிட்டனுடன் ஒப்பந்தம். டாயிலில் 64க்கு 57 என்ற கணக்கில்தான் அது தேறியது. அதை ஏற்பதா எதிர்ப்பதா என்று படை இரண்டாகப் பிளந்து உள்நாட்டுப் போர் மூண்டது. நேற்றுவரை ஒன்றாக இருந்தவர்கள் ஒருவரையொருவர் சுட்டார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட தலைவர் மைக்கேல் காலின்ஸ் 1922 ஆகஸ்டில் தன் சொந்த மாவட்டத்திலேயே சுடப்பட்டு இறந்தார்.

ஒப்பந்தத்தை எதிர்த்துத் தோற்றவர்கள் பெயரை மட்டும் விடவில்லை. 1938இல், ஒப்பந்தத்துக்கு முந்தைய இரண்டாம் டாயிலின் பழைய உறுப்பினர்கள் ஏழு பேர், "அயர்லாந்தின் அரசு அதிகாரம் இனி படைக் குழுவிடம்" என்று எழுதிக் கொடுத்தார்கள். வெளியே யாரும் மதிக்காத ஒரு தாள் அது. உள்ளே இருந்தவர்களுக்கோ அதுதான் மூலப்பத்திரம். 1969இல் படை மறுபடி பிளந்தபோது, அந்த ஏழு பேரில் மிஞ்சியிருந்த டாம் மகுவயர் என்ற முதியவரிடம் போய், "எங்களை அங்கீகரியுங்கள்" என்று கேட்டு வாங்கினார்கள். அந்தப் பிரிவே புரொவிஷனல் ஐ.ஆர்.ஏ. 2005இல் ஆயுதத்தைக் கைவிட்டது அது. அதிலிருந்தும் 1986இல் ஒரு கூட்டம் வெளியேறியது. மகுவயர் இந்த முறை வெளியேறியவர்கள் பக்கம் சாய்ந்தார்! 101 வயது வரை வாழ்ந்தார் மனிதர்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தபால்காரன். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 டப்ளின் எழுச்சியில், அரசாங்கம் இருந்த கோட்டையை விட்டுவிட்டுத் தபால் அலுவலகத்தை ஏன் பிடித்தார்கள்?

ஐயா, உங்களுக்கே தெரியும், தந்தி அங்கேதான் இருந்தது. நகரின் நடுவீதியில் நிற்கும் பெரிய கட்டடமும் அதுதான். ஈஸ்டர் திங்கட்கிழமை விடுமுறை. ராணுவ அதிகாரிகளில் பலர் குதிரைப் பந்தயத்துக்குப் போயிருந்தார்கள். அதன் வாசலில் நின்றுதான் எழுச்சித் தலைவர் பேட்ரிக் பியர்ஸ் குடியரசுப் பிரகடனத்தை வாசித்தார். ஆறே நாளில் சரணடைந்தார்கள். கைதிகளைக் கொண்டுபோனபோது டப்ளின்காரர்கள் சிலர் திட்டித் தீர்த்தார்கள். அப்படிப்பட்ட ஊரைத் திருப்பிவிட்டது பிரிட்டனின் அவசரம்தான். மே 3 முதல் 12 வரை எழுச்சித் தலைவர்களைத் தவணை முறையில் சுட்டுக் கொன்றார்கள். காயத்தால் நிற்க முடியாத ஜேம்ஸ் கொனொலியை நாற்காலியில் உட்காரவைத்துச் சுட்டார்கள்.

கேள்வி: 1969 பிளவுக்கு என்ன காரணம்? 'ஸ்டிக்கி' என்று ஒரு பிரிவைக் கேலி செய்வார்களாமே?

1969 ஆகஸ்டில், பிரிட்டனிடமே தங்கிவிட்ட வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் கத்தோலிக்கர் வாழ்ந்த தெருக்கள் எரிக்கப்பட்டன. காக்க வேண்டிய ஐ.ஆர்.ஏ.விடம் போதிய துப்பாக்கிகளே இல்லை. தலைமையோ இடதுசாரிப் பாதையில் போய், புறக்கணித்துவந்த நாடாளுமன்றங்களில் உட்காரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. கோபம் வெடித்தது; ஒருபுறம் அஃபிஷியல், மறுபுறம் புரொவிஷனல்.

ஈஸ்டர் அன்று 1916 தியாகிகள் நினைவாகச் சட்டையில் காகித லில்லிப் பூ அணிவது வழக்கம். அஃபிஷியல்காரர்களின் பூவில் பின்னால் பசை, ஒட்டிக்கொள்ளலாம். புரொவிஷனல்காரர்கள் குண்டூசியால் குத்திக்கொண்டார்கள். ஒட்டியவர்களுக்கு 'ஸ்டிக்கி' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஒரு குண்டூசியை வைத்தே ஒருவன் எந்தக் கட்சி என்று தெருவில் கண்டுபிடித்துவிடலாம்.

கேள்வி: பாபி சாண்ட்ஸ் வெறும் சிறை உடுப்புக்காகவா உயிரை விட்டார்?

இந்தக் கேள்வி நான்கு பேரிடமிருந்து வந்தது. சாண்ட்ஸ் வட அயர்லாந்துச் சிறையில் இருந்த புரொவிஷனல் ஐ.ஆர்.ஏ.காரர். உடுப்பு என்பது கண்ணுக்குத் தெரிந்த பகுதி. 1976 மார்ச்சுக்குப் பிறகு நடந்த குற்றங்களுக்கு அரசியல் கைதி என்ற சலுகை கிடையாது என்று பிரிட்டன் அறிவித்தது. கைதி உடுப்பைப் போட்டால் "நான் குற்றவாளி" என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால் போர்வையைச் சுற்றிக்கொண்டு அறையில் கிடந்தார்கள். சகாக்களுக்குச் சேதி அனுப்ப, சிகரெட் சுற்றும் மெல்லிய காகிதத்தில் எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் எழுதி, பிளாஸ்டிக் தாளில் உருட்டி, வாயில் மறைத்துப் பார்வையாளரிடம் சேர்ப்பார்கள்.

சாண்ட்ஸ் 1981 மார்ச் 1 அன்று உண்ணாவிரதம் தொடங்கினார். ஏப்ரல் 9 அன்று இடைத்தேர்தலில் 30,492 வாக்குகள் பெற்று பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினரானார். மே 5 அன்று, 66ஆம் நாள், 27 வயதில் இறந்தார். மொத்தம் பத்துப் பேர் போனார்கள். பிரிட்டிஷ் பிரதமர் தாட்சர் வெளிப்படையாக இறங்கிவரவில்லை. ஆனால் துப்பாக்கியால் கிடைக்காத ஒன்றை வாக்குச்சீட்டு தந்துவிட்டதே என்பதை ஐ.ஆர்.ஏ.வின் அரசியல் முகமான ஷின் ஃபெயின் கட்சி கவனித்துக்கொண்டது. 1998 சமாதான ஒப்பந்தத்துக்குப் போகும் பாதை அந்த வாக்குப்பெட்டியில்தான் தொடங்குகிறது என்பது என் கருத்து.

கேள்வி: அவர்களை வீரர்கள் என்றே எழுதுகிறீர்களே, செத்த பொதுமக்கள்?

வீரர்கள் என்று நான் எங்கும் எழுதவில்லை, அம்மா. 1972 ஜூலை 21 அன்று பெல்ஃபாஸ்டில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்குள் புரொவிஷனல் ஐ.ஆர்.ஏ. வைத்த இருபது குண்டுகள். ஒன்பது பேர் பலி. முப்பது ஆண்டுகள் கழித்துத்தான் மன்னிப்பு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில், பத்துப் பிள்ளைகளின் தாய் ஜீன் மெக்கான்வில்லை வீட்டிலிருந்து இழுத்துப்போய்க் கொன்று புதைத்தார்கள். உடல் 2003இல் ஒரு கடற்கரையில் கிடைத்தது. பிரிட்டிஷ் ராணுவம் டெர்ரியில் ஊர்வலத்தினரைச் சுட்டதைச் சொல்லி இதை நியாயப்படுத்த எனக்கு மனம் வராது.

கேள்வி: இந்தியாவோடு தொடர்பு உண்டா?

உண்டு. 1930இல் சிட்டகாங் ஆயுதக் கிடங்கைத் தாக்கிய சூர்யா சென் குழு தன்னை 'இந்தியக் குடியரசுப் படை' என்றே அழைத்துக்கொண்டது. டப்ளின் ஈஸ்டரை மனதில் வைத்துப் புனித வெள்ளியைத் தேர்ந்தெடுத்தார்கள். அன்று ஐரோப்பியர் கிளப் காலியாகக் கிடந்ததுதான் அவர்கள் எதிர்பாராதது. நம் கடைசி வைஸ்ராய் மவுண்ட்பேட்டனை 1979இல் படகில் குண்டு வைத்துக் கொன்றதும் ஐ.ஆர்.ஏ.தான்.

கேள்வி: ஆயுதங்களை உண்மையிலேயே அழித்தார்களா?

கனடாவின் ஜெனரல் டி சாஸ்டலைன் குழு மேற்பார்த்தது. ஒரு பாதிரியாரும் ஒரு மெதடிஸ்ட் போதகரும் சாட்சி. புகைப்படம் வேண்டும் என்று, ஐ.ஆர்.ஏ.வைக் கடுமையாக எதிர்த்த புரொட்டஸ்டன்ட் தலைவர் இயன் பெய்ஸ்லி பிடிவாதம் பிடித்தார்; கிடைக்கவில்லை. 2007இல் அதே பெய்ஸ்லி, முன்னாள் ஐ.ஆர்.ஏ. தளபதி மார்ட்டின் மெக்கின்னஸோடு சேர்ந்து வட அயர்லாந்தில் ஆட்சி நடத்தினார். இருவரும் சிரித்த சிரிப்பைப் பார்த்துச் சொந்தக் கட்சிக்காரர்களே முகம் சுளித்தார்கள்.

கேள்வி: கட்சிப் பெயரை எப்படி உச்சரிப்பது?

மேலே நானே பத்திரிகை வழக்கப்படி 'ஃபெயின்' என்று எழுதிவிட்டேன். சரியான உச்சரிப்பு ஷின் ஃபேன். தலைக்கு மேல் சுற்றுகிறதே, அதே ஃபேன். பொருள்: 'நாங்களே'.