நாற்பது வயதுக்கு மேல் ஓட ஆரம்பிக்கலாமா? எப்படித் தொடங்குவது?

உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாமல் நாற்பதைத் தாண்டியாயிற்று, இனிமேல் ஓடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஆரம்பித்தது 43 வயதில். பள்ளியில் விளையாட்டு பீரியடில்கூட மரத்தடியில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்த ஆள் நான். ஆகவே தாராளமாக ஓடலாம். ஆனால் நான் ஆரம்பித்த மாதிரி மட்டும் வேண்டாம்.

ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரி சர்க்கரை (HbA1c) 6.1 சதவீதம் என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை என்றால் சர்க்கரை நோயின் வாசற்படி. ரத்த அழுத்தம், ஈசிஜி எல்லாம் பார்த்துவிட்டு, "நல்லா நடங்க, முடிஞ்சா மெதுவா ஓடுங்க" என்றார் டாக்டர். அந்த 'மெதுவா' என் காதில் விழவில்லை. மறுநாள் காலை கோவை ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் போய் நின்றேன். ஒரு சுற்று ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர். முந்நூறு மீட்டர் போவதற்குள் விலாவில் குத்தியது. நின்றேன், ஓடினேன், மறுபடி நின்றேன். வாக்கிங் வந்தவர்கள் எல்லாரும் என்னையே பார்ப்பதாக ஒரு நினைப்பு, அதனால் இன்னும் வேகம். தினமும் இதே கூத்து. ஆறாம் நாள் முழங்காலுக்குக் கீழே, எலும்பின் உள்பக்க ஓரத்தில், தொட்டாலே உயிர் போகிற வலி. மாடிப்படி இறங்க முடியவில்லை. மூன்று வாரம் வீட்டில் கிடந்தேன்.

மூச்சு சில வாரங்களில் பழகிவிடும், எலும்பும் தசைநாணும் பழக மாதக்கணக்கில் ஆகும். இந்த இடைவெளியில்தான் புதிதாக ஓடுகிறவர்கள் பலர் மாட்டிக்கொள்கிறோம். 'இன்னும் ஒரு சுற்று போகலாமே' என்று மூச்சு சொல்லும், காலைக் கேட்க மாட்டோம்.

வலி போனபின் மறுபடி போனேன். அங்கே தினமும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர் ஒருவர், "ஏனுங்கம்மா, பஸ்ஸு போயிருச்சுங்களா? இந்த ஓட்டம் ஓடறீங்க" என்றார். கோபம்தான் வந்தது. அடுத்த சுற்றில் அவரே, "பேசிட்டே ஓடிப் பாருங்க. பேச முடியலைன்னா வேகம் ஜாஸ்திங்க" என்றார். தனியாக ஓடுகிறவள் யாரோடு பேச? பதினாறாம் வாய்ப்பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தேன். நாலு பதினாறு அறுபத்து நாலு வருவதற்குள் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைப்பேன். குறைத்துக் குறைத்துக் கடைசியில், வேட்டியை மடித்துக் கட்டி விறுவிறுவென்று நடந்த ஒரு தாத்தா என்னைத் தாண்டிப் போனார். அவ்வளவு மெதுவாக ஓட வெட்கமாக இருந்தது. முதல் மாதம் முழுக்க அந்த வெட்கத்தைத்தான் பழகினேன் என்று சொல்லலாம்.

திட்டம் என்று பார்த்தால், 'கவுச் டு 5கே' என்று தேடுங்கள், கிடைக்கும். ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர், ஐம்பது வயதைத் தாண்டிய தன் அம்மாவை மனதில் வைத்து 1996இல் போட்ட திட்டம்; ஓடியே பழகாதவரை ஒன்பது வாரத்தில் ஐந்து கிலோமீட்டர் ஓட வைப்பது. வாரம் மூன்று நாள்தான். முதல் வாரத்தில் ஐந்து நிமிட நடை, அப்புறம் ஒரு நிமிடம் ஓட்டம், ஒன்றரை நிமிடம் நடை என்று மாறி மாறி இருபது நிமிடம். இவ்வளவுதானா என்று தோன்றும். தோன்றட்டும், கூட்டாதீர்கள்.

ஐந்தாம் வாரத்தில் ஒரு வேலை வைத்திருக்கிறார் மனிதர். இரண்டாம் நாள் எட்டு நிமிட ஓட்டம், நடுவில் நடை, மறுபடி எட்டு. மூன்றாம் நாளே திடீரென்று நிற்காமல் இருபது நிமிடம்! நான் மூன்று முறை பன்னிரண்டாவது நிமிடத்தில் நின்றேன். ஒவ்வொரு தடவையும் அந்த வாரத்தையே மறுபடி ஓடினேன், நாலாவது முயற்சியில் முடிந்தது. அன்றைக்கு யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது, பி.டி. மாஸ்டரைத் தேடினால் அவர் வரவில்லை. ஒன்பது வாரத் திட்டம் எனக்குப் பதினாறு வாரம் ஆனது. அதனால் ஒன்றும் குடி முழுகிப் போகவில்லை.

சரி, செலவு. ஷூவுக்கு மட்டும் காசு போடுங்கள், கால்விரலுக்கு முன்னால் கைக் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். இறுக்கமாக வாங்கிப் பெருவிரல் நகம் கறுத்துப்போன அனுபவம் எனக்கு உண்டு. பெண்கள் என்றால் நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா ஒன்று. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. வாட்ச், ஹெட்போன் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எடை குறையுமா என்று அடுத்த கேள்வி வரும். எட்டு மாதத்தில் எனக்கு மூன்று கிலோ. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும், தோராயமாக ஒரு கலோரி செலவாகும். எழுபது கிலோ ஆள் மூன்று கிலோமீட்டர் ஓடினால் இருநூற்றுச் சொச்சம். திரும்பும் வழியில் பேக்கரியில் ஒரு டீயும் தேங்காய் பன்னும் சாப்பிட்டால் கணக்கு நேராகிவிடும். சர்க்கரை 5.7க்கு இறங்கியது, ஆனால் டீயில் சீனியையும் நிறுத்தியிருந்தேன், எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. தூக்கம் நன்றாக வருகிறது, இது நிச்சயமாக ஓட்டத்தால்தான்.

இப்போது ஐந்து கிலோமீட்டர் ஓட 43 நிமிடம் ஆகிறது. அந்தத் தாத்தாவை நான் தாண்டிவிட்டேன், பெரும்பாலான நாட்களில்.

ரேஸ் கோர்ஸ் போக முடியாத நாட்களில் வீட்டுப் பக்கமே ஓடுவேன். தெருநாய் குரைத்தால் உடனே ஓட்டத்தை நிறுத்தி, அதன் கண்ணைப் பார்க்காமல் நடந்துவிடுங்கள். எங்கள் சந்தில் ஒரு செவலை நாய் இருக்கிறது. அது இப்போதெல்லாம் என்னைப் பார்த்து வாலாட்டுகிறது. இருந்தாலும் மெயின் ரோடு வரைக்கும் நடந்துதான் போகிறேன்.