குக்கம் செத்த ஊரா?

அன்புள்ள ஐயா,

மகன் லண்டன் பக்கத்து ஸ்லவ்வில் வேலை பார்க்கிறான். நீங்கள் எழுதியதை நம்பி அவனையும் இழுத்துக்கொண்டு தேம்ஸ் கரையிலுள்ள குக்கம் கிராமத்துக்குப் போய் வந்தேன். அழகுதான், ஆனால் தெருவில் ஆளே இல்லை. ஒரு பாலம், ஒரு சர்ச், அதைச் சுற்றிக் கல்லறைகள். இந்தச் செத்த ஊரில் என்னதான் கண்டீர்கள்?

எம்.

அன்புள்ள எம்.,

கல்லறை வரைக்கும் போனவர் அங்கேயே கொஞ்சம் உட்கார்ந்திருக்கலாம். அந்த ஊரிலேயே பிறந்த ஓவியர் ஸ்டான்லி ஸ்பென்சர் 1924 முதல் 1927 வரை அந்த இடத்தைத்தான் வரைந்துகொண்டிருந்தார். பதினெட்டு அடி அகலப் படம், இப்போது லண்டன் டேட் காலரியில் இருக்கிறது. கிறிஸ்தவர்கள் நம்பும் கடைசி நாளில் செத்தவர்கள் எழுந்து வருகிறார்கள். எக்காளம் கிடையாது, இடி மின்னல் கிடையாது, மத்தியானத் தூக்கம் கலைந்த மாதிரி ஒவ்வொருவராகக் குழியிலிருந்து நிதானமாக வெளியே வருகிறார்கள். மனைவி ஹில்டா ஒரு பூவை முகர்ந்துகொண்டிருக்கிறார், ஸ்பென்சரே ஒரு கல்லறைக் கல்லில் சாய்ந்து அம்மணமாக நிற்கிறார். இடது மூலையில் தேம்ஸ், அதில் ஓர் உல்லாசப் படகு. சொர்க்கத்துக்கு அதில்தான் போக வேண்டுமாம்! லண்டனில் படித்த காலத்தில் தினமும் ரயிலில் போய்விட்டுச் சாயங்காலம் டீக்கு வீடு திரும்பிவிடுவார், கூடப் படித்தவர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயரே குக்கம்.

சரி, ஆள் இல்லாத தெருவுக்கு வருகிறேன். ஜூலை மூன்றாம் வாரம் போயிருந்தால் ஆற்றங்கரையில் ஆட்களைப் பார்த்திருப்பீர்கள். அரசரின் ஆட்களும் லண்டனின் இரண்டு பழைய வணிகச் சங்கத்தாரும் துடுப்புப் படகுகளில் ஐந்து நாள் அன்னங்களைக் கணக்கெடுத்துக்கொண்டே வருவார்கள். குஞ்சுகளோடு ஒரு குடும்பம் கண்ணில் பட்டதும் 'ஆல் அப்!' என்று ஒரு கூச்சல், படகுகள் வளைத்துக்கொள்ளும், பிடித்து எடை பார்த்து, காயம் உண்டா என்று தடவிப் பார்த்து, காலில் வளையம் மாட்டி விட்டுவிடுவார்கள். ஒரு காலத்தில் அரண்மனை விருந்துக்காகக் கணக்கெடுத்தார்கள், இப்போது நலம் விசாரிக்கிறார்கள். இதையும் ஸ்பென்சர் வரைந்தார். 1915இல் பாதியில் விட்டுவிட்டு ராணுவத்துக்குப் போனார், மாசிடோனியப் போர்முனை வரை போய்த் திரும்பி 1919இல் மிச்சத்தை முடித்தார்.

உங்கள் புகாரில் ஒரு நியாயம் உண்டு. இன்று அங்கே வீடு வாங்க லண்டன் சம்பளம் வேண்டும், அப்படிப்பட்டவர்களைப் பகலில் எங்கே பார்ப்பது?

அப்புறம், ஹை ஸ்ட்ரீட்டில் பழைய மெதடிஸ்ட் ஆலயம் ஒன்று, சிறுவயதில் அம்மாவோடு ஸ்பென்சர் போய் உட்கார்ந்த இடம், 1962இலிருந்து அவருடைய ஓவியங்களின் காட்சிக்கூடமாக இருக்கிறது. உள்ளே ஒரு பழைய குழந்தைத் தள்ளுவண்டி நிற்கும். சாயமும் தூரிகையும் போட்டு ஊரெல்லாம் அவர் தள்ளிக்கொண்டு திரிந்த வண்டி. அதையாவது பார்த்தீர்களா?