எங்கள் தோட்டத்து டவுனில் உள்ள போர் நினைவுக் கல்லில் ஏன் ஒரு தமிழ்ப் பெயர்கூட இல்லை?

அந்தக் கல் பட்டாளத்தில் இறந்தவர்களுக்கு. மலாயாவிலிருந்து சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போடப் போன பால்மர (ரப்பர்) தோட்டத் தொழிலாளிகள் எந்தப் பட்டாளத்துக் கணக்கிலும் இல்லை. அப்புறம் பெயர் எங்கிருந்து வரும்?

ஜப்பான்காரன் காலத்தில் ரப்பர் ஏற்றுமதி நின்று, தோட்டங்களில் வேலை இல்லாமல் போனது. சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஆள் வேண்டியிருந்தது. முதலில் கூலி, அரிசி என்று ஆசை காட்டினார்கள். பிறகு பிடித்தே ஏற்றினார்கள். 1943 அக்டோபரில் பாதை முடிவதற்குள் காலராவும் பட்டினியும் பல்லாயிரம் பேரை வாரிக்கொண்டு போயின. அந்தப் பாதையோரம் உள்ள காஞ்சனபுரி போர்க் கல்லறையில் 6,900க்கும் மேற்பட்ட போர்க் கைதிகள் இருக்கிறார்கள்; பெரும்பாலோருக்குத் தனித்தனிக் கல் உண்டு. நம்மவர்களைப் பெரும்பாலும் காட்டிலேயே புதைத்தார்கள், எரித்தார்கள்.

சரி, பெயர் இல்லாத கல்லுக்கு நம் ஆட்கள் ஏன் போகிறார்கள்? என் பாட்டியின் அண்ணன் காலைப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போனவர், லயத்து வீட்டுக்குத் திரும்பவில்லை. இறந்த நாள் தெரியாது, திதியும் இல்லை. அதனால் மகாளய அமாவாசையன்று பாட்டி அந்தக் கல்லின் அடியில் சூடம் ஏற்றுவார். யாரும் தடுத்ததில்லை. சிமெண்டுப் படியின் இடது மூலையில் உள்ள கறுப்புக் கறை அதுதான்.