எபெனில் வீடு எடுக்கலாமா?

அன்புள்ள ஐயா,

கோவையில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். மொரீஷியஸில், எபென் சைபர் சிட்டியில் உள்ள ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. படங்களில் ஊர் பளபளவென்று இருக்கிறது. அங்கேயே வீடு எடுக்கலாமா? விடுமுறை நாளில் போக இடம் உண்டா? தமிழர்கள் நிறைய என்கிறார்களே, தமிழை வைத்தே சமாளித்துவிடலாமா?

பிரபு

அன்புள்ள பிரபு,

வாழ்த்துகள். ஆனால் எபெனில் வீடு எடுக்காதீர்கள்.

2000களின் தொடக்கம் வரை அது கரும்புத் தோட்டம். இந்தியக் கடனுதவியில் சைபர் டவர் எழுந்தது. பின்னாலேயே வங்கிகள், கால் சென்டர்கள், கணக்கு நிறுவனங்கள் எல்லாம் வந்தன. பகலில் நல்ல கூட்டம். மத்தியானம் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்க வேண்டும். சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் கார்களெல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பும், அப்புறம் காவலாளிகளும் இரவு ஷிஃப்ட்காரர்களும்தான். தனியாக வருகிற ஆளுக்கு அந்த ஊர் ஒத்துவராது.

பக்கத்து ஊர்களான ரோஸ் ஹில்லிலோ கத்ர் போர்னிலோ தங்குங்கள். (நான் ரோஸ் ஹில்காரன், கொஞ்சம் ஓரவஞ்சனை இருக்கும்.) கடைத்தெரு, பேக்கரி, சாயங்காலம் நின்று பேச நாலு ஆட்கள், எல்லாம் இங்கே உண்டு. தோல் பூரி (பருப்பு வைத்த மெல்லிய ரொட்டி) ஒரு ஜோடி வாங்கினால் ராத்திரிச் சாப்பாடு முடிந்தது. 1864இல் இந்தத் தீவுக்கு ரயில் வந்தது, 1956இல் பயணிகள் ரயிலை நிறுத்திவிட்டார்கள். அறுபது வருஷத்துக்கு மேல் பஸ்ஸையும் காரையும் நம்பிக் கிடந்தோம். 2020இல் தலைநகர் போர்ட் லூயிஸுக்கும் ரோஸ் ஹில்லுக்கும் நடுவே மெட்ரோ ஓடத் தொடங்கியது. 2023இல் ரோஸ் ஹில்லிலிருந்து எபென் வழியாக ரெதுவி வரை கிளைப்பாதையும் வந்துவிட்டது. காலை நெரிசலில் காரில் போகிறவர்களைப் பார்த்தால் இப்போது எனக்குப் பாவமாக இருக்கிறது.

விடுமுறைக்கு இடமா இல்லை? கத்ர் போர்ன் சந்தை, மோகா பக்கம் பகாத்தெல் மால், பஸ் ஏறினால் ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் கடற்கரை. கோர் த கார்த் மலைச்சரிவில் முருகன் கோயில் இருக்கிறது. தைப்பூசக் காவடி இங்கே அரசு விடுமுறை. அன்றைக்குப் படியேறிப் போய் வாருங்கள்.

தமிழை வைத்துச் சமாளிக்க முடியாது. வீட்டிலும் தெருவிலும் கிரியோல் (பிரெஞ்சிலிருந்து பிறந்த உள்ளூர் மொழி), ஆபீஸில் பிரெஞ்சும் ஆங்கிலமும். தமிழ் பள்ளியில் ஒரு பாடம், கோயிலில் வழிபாடு, அப்புறம் ரூபாய் நோட்டில். 1998இல் வந்த புது நோட்டுகளில் தமிழை இந்திக்குக் கீழே தள்ளியபோது இங்குள்ள தமிழர்கள் கொதித்தார்கள். அரசு அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அப்படிக் கொதித்தவர்களில் பலர் வீட்டில் பேசுவது கிரியோல்தான். "தமிழரா இருந்தும் தமிழ் தெரியாதா?" என்று மட்டும் யாரிடமும் கேட்டுவிடாதீர்கள். இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் வந்த வாரமே கேட்டுவிடுகிறார்கள்.

கடைசியாக ஒன்று. கையெழுத்துப் போடும் முன் வேலை நேரத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள். நமக்கும் பிரான்ஸுக்கும் அவர்களுடைய கோடையில் இரண்டு மணி நேரமும் அவர்களுடைய குளிர்காலத்தில் மூன்று மணி நேரமும் வித்தியாசம், நாம்தான் முன்னால். வாடிக்கையாளர் அங்கே இருந்தால் உங்கள் மாலைப்பொழுது அவர்களுக்குத்தான் போகும்.