எம்.ஆர்.டி. ரயில் எல்.ஆர்.டி. தடத்தில் ஓடுமா?

கேள்வி: என் மகளுக்கு எல்.ஆர்.டி. (இலகு ரயில்) பணிமனையில் டெக்னீஷியன் வேலை கிடைத்திருக்கிறது. கோலாலம்பூர் எல்.ஆர்.டி.யின் கிளானா ஜெயா தடத்துக்கென்று தனியாக ரயில் வாங்குகிறார்களே, நகரின் இன்னொரு ரயில் சேவையான எம்.ஆர்.டி.யின் ரயிலையே அங்கும் விட்டால் என்ன, ஐயா?
– ஒரு தாய், பெஸ்தாரி ஜெயா

பதில்: மகளுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள், அம்மா. செம்பனை ஆலையில் ஃபிட்டராக இருந்தவன் நான். நம் ஊர்ப் பெண் ஒருத்தி ரயிலுக்கு அடியில் நின்று வேலை பார்க்கப் போகிறாள் என்பதில் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

எம்.ஆர்.டி. ரயில் அந்தத் தடத்துக்கென்று செய்த ரயில் அல்ல. அதில் மோட்டார் சக்கரத்தைச் சுற்றுகிறது, சக்கரம் ரயிலை நகர்த்துகிறது. கிளானா ஜெயா ரயிலின் சக்கரத்துக்கோ சுமை தாங்குவது மட்டுமே வேலை. ஆலையில் சுழலும் மோட்டாரை நெடுக வெட்டிப் பாயாக விரித்தால் எப்படி இருக்குமோ, அப்படி அதன் ஒரு பாதி பெட்டிக்கு அடியில் தொங்குகிறது. மறு பாதி, அலுமினியம் போர்த்திய பட்டையாக, இரு தண்டவாளங்களுக்கும் நடுவில் தடம் முழுக்கப் படுத்திருக்கிறது. இரு பாதிகளுக்கும் இடையே எழும் காந்த விசைதான் ரயிலை இழுக்கிறது. இரண்டுக்கும் இடைவெளி ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான். அது கூடினால் இழுவை குறையும். சக்கரம் தேய்ந்து பெட்டி தாழ்ந்தால் உரசும். உங்கள் மகள் அளந்து அளந்து காக்கப்போவது அந்த இடைவெளியைத்தான்!

மழையில் சக்கரம் வழுக்கினாலும் இழுவை போகாது; செங்குத்தான ஏற்றமும் எளிது. ஆனால் தடம் போட்ட அன்றே ரயிலின் வகையும் முடிவாகிவிட்டது. 1998இல் வந்த இரண்டு பெட்டி ரயில், 2009 கடைசியில் வந்த நான்கு பெட்டி ரயில், 2016இல் வந்த அடுத்த தலைமுறை ரயில் எல்லாமே இதே வகை மோட்டார்.

தனியாக ரயில் வாங்குவதை வீண் செலவு என்று நான் சொல்லமாட்டேன். இதே வகைத் தடம் கனடாவின் டொராண்டோவில் 1985இல் திறக்கப்பட்டது. அன்று வந்த பெட்டிகளே கடைசிவரை ஓடின. 2023 ஜூலையில் ஒரு பெட்டி தடம்புரண்டது. அதோடு அந்தத் தடத்தையே மூடிவிட்டார்கள். அதே நாட்டின் வான்கூவர் நகரம் தலைமுறைக்குத் தலைமுறை புது ரயில் வாங்கியது, இன்றும் ஓட்டுகிறது.

கேள்வி: கணினி ஓட்டும் ரயிலை நம்பலாமா? கிளானா ஜெயா தடத்தில் 2021இல் இரு ரயில்கள் மோதிய விபத்தை மறக்க முடியவில்லை.
– ஒரு வாசகர், கோலசிலாங்கூர்

பதில்: நம்பலாம். மே 24 இரவு, 213 பயணிகளோடு போன ரயிலில் மோதியது பயணிகள் இல்லாத இன்னொரு ரயில். அதை ஓட்டியது கணினி அல்ல. மனிதர் கையால் ஓட்டினார். கணினியிடமிருந்து மனிதர் கைக்கு ரயில் மாறும் நேரத்துக்குத்தான் இரட்டைக் காவல் வேண்டும்.