வாசகர் கேள்வி பதில்: தை மாதக் குளிரில் வான் வண்டியோடு மலைநாட்டுக்கு

வான் வண்டியிலேயே படுத்து, சமைத்து, மலைநாட்டுச் சிறு பாதைகளில் சுற்றிவரத் திட்டமிடும் வாசகர்களின் கேள்விகளில் ஐந்துக்கு இம்முறை பதில் தருகிறோம்.

கேள்வி: நிசான் கரவன் வானின் பின் இருக்கைகளைக் கழற்றிக் கட்டில் போட்டிருக்கிறோம். பொங்கல் முடிந்ததும் நான்கு பேர், ஐந்து நாள். சனநெரிசல் இல்லாத தோட்டப் பாதைகளில் போக ஆசை. எந்த வழி நல்லது? (வெள்ளவத்தை வாசகர்)

குளிரைப் பிறகு பார்க்கலாம், முதலில் மழையைப் பாருங்கள். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவமழை மலைநாட்டின் கிழக்குச் சரிவில்தான் கொட்டும். பதுளை, பசறைப் பக்கம் நனைந்து கிடக்கிற நாளில் ஹற்றன், நோர்வூட் பக்கம் வெயில் அடிப்பதுண்டு. அதனால் ஐந்து நாளில் மூன்றையாவது மேற்குப் பக்கத்துக்கு ஒதுக்குங்கள்.

அவிசாவளையில் ஏ7 வீதியைப் பிடித்து, கித்துல்கல, கினிகத்தேனை வழியாக ஹற்றனுக்கு ஏறுங்கள். சிவனொளிபாதமலைப் பருவம் என்பதால் வார இறுதியிலும் போயா நாளிலும் ஹற்றன்–மஸ்கெலியா வீதி பஸ்களால் நிறைந்திருக்கும். செவ்வாய், புதனில் போனால் அந்தத் தொல்லை இல்லை. தலவாக்கலையைத் தாண்டி லிந்துலையில் பிரியும் அக்கரப்பத்தனை–டயகம பாதைதான் நீங்கள் தேடுவது: தேயிலை மலை, லயங்கள், சிறு கோயில்கள், இடையிடையே ஒரு பஸ். டயகமையோடு திரும்பிவிடுங்கள். அதற்கு மேல் ஹோட்டன் சமவெளிப் பக்கம் ஏறும் தடம் வானுக்குரியதல்ல.

நானுஓயா–ரதல்ல குறுக்கு வீதியை வரைபடச் செயலி காட்டினாலும் எடுக்க வேண்டாம். செங்குத்தான இறக்கம். கனரக வாகனங்களுக்கு அங்கே தடை போட்டதே பிரேக் பிடிக்காமல் நடந்த விபத்துகளால்தான்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகள் மலைநாட்டுப் பாதைகள் பலவற்றை உடைத்தன. எதிரே வாகனம் வரும்போது இடதுசக்கரத்தைப் புல்லோரத்தில் இறக்கி ஒதுங்குவது நம் வழக்கம். ஈரமான மலைப்பாதையில் அதைச் செய்யாதீர்கள், ஓரம் சரியலாம். அகலமான இடம் வரை பின்னோக்கி எடுத்து வழிவிடுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மண்சரிவு எச்சரிக்கை விடுக்கிறது. செம்மஞ்சள் என்றாலே அந்தப் பிரிவில் இரவு தங்க வேண்டாம்.

இன்னொன்று: இருக்கைகளைக் கழற்றியது பற்றி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதி நிறுவனத்திலும் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஓடும்போது கட்டிலில் யாரும் படுத்திருக்கக் கூடாது. நான்கு பேருக்கும் ஆசனப் பட்டியோடு இருக்கை வேண்டும்.

கேள்வி: அப்புத்தளையிலிருந்து பெரகலைப் பக்கம் இறங்கும்போது பிரேக் தீய்ந்த வாடை வருகிறது, மிதி தாழ்கிறது. பேட் மாற்றியும் அதேதான். ஏன்? (தெமட்டகொட வாசகர்)

மிதி எப்படி இருந்தது என்பதில்தான் விடை இருக்கிறது. கல்லுப்போல் இறுகியிருந்தும் வண்டி நிற்கவில்லையென்றால் பேட் சூடேறிப் பிடிப்பை இழந்திருக்கிறது. உங்களுக்கு நடந்ததுபோல் மிதி பஞ்சாகித் தாழ்ந்தால், பிரேக் ஒயில் கொதித்து, குழாய்க்குள் ஆவி சேர்ந்துவிட்டது. ஆவி அமுங்கும், ஒயில் அமுங்காது. அதனால் நீங்கள் மிதிக்கிற விசை சக்கரத்தைச் சேர்வதில்லை. பேட் மாற்றி இது தீராது.

புதிய டொட் 3 (DOT 3) தரப் பிரேக் ஒயில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும். காற்றிலுள்ள ஈரத்தை அது மெல்ல உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஈரம் ஏறிய ஒயிலுக்குத் தரநிர்ணயம் கேட்பது வெறும் 140 பாகை. டொட் 4 என்றால் 230, ஈரத்தோடு 155. கொழும்புப் புழுக்கத்தில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது முழு ஒயிலையும் மாற்றி, நான்கு சக்கரத்தின் பிரேக் குழாய்களிலும் உள்ள காற்றை வெளியேற்ற வேண்டும். மேலே கொஞ்சம் ஊற்றி நிரப்புவது மாற்றியதாகாது.

இறங்கும் முறை இதுதான். அந்த ஏற்றத்தில் ஏற எந்தக் கியர் தேவையோ அதே கியரில் இறங்குங்கள். ஓட்டோ கியர் என்றால் ஓவர்டிரைவை நிறுத்தி, தேவைப்பட்டால் 2க்கோ L எழுத்துக்கோ மாற்றுங்கள். வேகம் மிஞ்சும்போது உறுதியாக மிதித்து, மணிக்கு பத்துக் கிலோமீற்றர் குறைத்து, முழுக்க விட்டுவிடுங்கள். மிதியில் காலை லேசாக வைத்துக்கொண்டே இறங்குவதுதான் பிரேக்கைக் கொதிக்க வைப்பது. நியூட்ரலில் விடுவதால் எண்ணெயும் மிச்சமாகாது: கியரில் இறங்கும் இன்றைய எஞ்சின் எண்ணெயைத் தானே நிறுத்திக்கொள்ளும்.

வாடை வந்துவிட்டால் சமதரையில் நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான டிஸ்கிலோ டிரம்மிலோ தண்ணீர் ஊற்றாதீர்கள், வளைந்தோ வெடித்தோ போகும். சுமையையும் எண்ணிப் பாருங்கள்: அறுபது லீற்றர் தண்ணீர் அறுபது கிலோ. அடுத்த ஊரில் நிரப்பலாம் என்றால் நிரம்பிய தாங்கியோடு இறங்க வேண்டியதில்லை.

கேள்வி: நுவரெலியாவில் விடியும்போது காஸ் அடுப்பு சிணுங்கி எரிகிறது. கூரையிலிருந்து தண்ணீர் சொட்டி மெத்தை நனைகிறது. சிலிண்டர் பழுதா? கூரை ஒழுகுகிறதா? (கொட்டாஞ்சேனை வாசகி)

இரண்டும் இல்லை, அம்மா. நம் வீட்டுச் சிலிண்டரில் பியூட்டேன்தான் அதிகம். அது பூச்சியம் பாகைக்குச் சற்றுக் கீழே வந்தால் ஆவியாவதே நின்றுவிடும். சனவரியில் நுவரெலியாப் புல்லில் உறைபனி படிகிற காலைகள் உண்டு. எரிய எரிய சிலிண்டரும் தன் சூட்டை இழக்கும். சின்னச் சிலிண்டரில் இது சீக்கிரம் தெரியும். ஐந்து கிலோ சிலிண்டர் கொண்டுபோங்கள். வெளியே, நிமிர்ந்த நிலையில், கை பொறுக்கும் வெதுவெதுப்பான நீருள்ள பேசினில் வையுங்கள். கொதிநீரோ நெருப்போ கிட்டே வரக் கூடாது. ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு வேகாமல் நிற்கும். பிரஷர் குக்கர் அங்கே மிகவும் தேவை.

சொட்டுவது உங்கள் மூச்சு. ஒருவர் ஓரிரவில் விடும் ஈரம் ஏறக்குறைய கால் லீற்றர். நான்கு பேர் என்றால் ஒரு லீற்றர், குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராகிறது. உள்ளே சமைத்தால் நிலைமை மோசமாகும்: ஒரு கிலோ காஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோ நீராவி வரும். எதிரெதிர் யன்னல்களை இரண்டு சென்ரிமீற்றர் திறந்து வையுங்கள். கூரையின் உட்புறத்தில் பத்து மில்லிமீற்றர் நுரைத்தகடு ஒட்டுங்கள். கட்டில் பலகையை முழுத் தகடாக இல்லாமல் இடைவெளி விட்ட சட்டங்களாக அமைத்தால் மெத்தையின் அடி காயும்.

குளிருக்காக யன்னலைச் சாத்தி அடுப்பையோ கரிச்சட்டியையோ உள்ளே வைப்பதும், எஞ்சினை ஓடவிட்டுத் தூங்குவதும் உயிரைக் குடிக்கும். அதில் வரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சுவாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலையிடி வரும்போதே எழுந்து கதவைத் திறக்கத் தெம்பு இல்லாமல் போகலாம். மின்கலத்தில் இயங்கும் எச்சரிக்கைக் கருவி ஒன்றைத் தலைமாட்டில் மாட்டுங்கள். சூட்டுக்கு ரப்பர் வெந்நீர்ப் பையும், உடம்புக்குக் கீழே தடித்த கம்பளியும் போதும். குளிர் மேலிருந்து வருவதைவிடக் கீழிருந்துதான் கூட வரும்.

கேள்வி: 100 அம்பியர்-மணி பற்றரியில் குளிர்சாதனப் பெட்டியும் ரைஸ் குக்கரும் ஓடுமா? (தெஹிவளை வாசகர்)

பெட்டி ஓடும், குக்கர் ஓடாது. ஈய-அமில பற்றரியில் பாதியை, அதாவது 50 அம்பியர்-மணியை மட்டுமே எடுக்கலாம். 45 வொட் பெட்டி நாளில் மூன்றிலொரு பங்கு நேரம் ஓடினால் 30, விளக்குக்கும் கைபேசிகளுக்கும் 10. கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. 700 வொட் குக்கர் இன்வேட்டர் வழியாக 70 அம்பியர் இழுக்கும். பற்றரியின் நேர்முனைக்கு மிக அருகில் பியூஸ் போட மறக்காதீர்கள்.

கேள்வி: மகள் ஸ்கொட்லாந்தில். சனவரியில் வாடகைக் கம்பர் வானில் மேட்டுநிலச் சிறு பாதைகளைச் சுற்றலாம் என்கிறாள். எதைக் கவனிப்பது? (வத்தளை வாசகர்)

பகல் வெளிச்சம் ஏழு மணிநேரம்தான். ஒரு நாளைக்கு 120 கிலோமீற்றருக்கு மேல் திட்டமிட வேண்டாம். காஸ் புரொப்பேன்தானா என்று எடுக்கும்போதே கேளுங்கள், பியூட்டேன் அங்கே உறைகுளிரில் எரியாது. தண்ணீர்த் தாங்கி வெளியே தொங்கும் வான் வேண்டாம், குழாய் உறைந்து வெடிக்கும். ஒற்றைத்தடப் பாதைகளில் ஒதுங்குமிடம் இடப்பக்கம் இருந்தால் நுழைந்து நில்லுங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேரே நின்று எதிரே வருபவரை அதில் ஒதுங்க விடுங்கள். பின்னால் அவசரமாக வருபவருக்கும் வழிவிடவே அந்த இடம், இரவு தங்க அல்ல. 626 மீற்றர் ஏறும் பெலக் நா பா கணவாயை விட்டுவிடுங்கள். கொக்பிரிட்ஜ்–டொமின்டூல் வீதி பனி விழுந்தால் முதலில் மூடப்படுகிறவற்றில் ஒன்று, அதைக் காலையில் விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள். பாலத்தின் மேலும் மர நிழலிலும் தார் ஈரமாக மினுங்கினால், அது உறைந்த பனியாக இருக்கலாம். பிரேக்கைத் தொடாமல் அக்சிலரேட்டரை மட்டும் மெல்ல விடுங்கள்.